"தற்காலிகம்" என்று பெயர் வைத்த சட்டமும், நாங்கள் கேள்விப்படாத ஒரு இயக்கமும்

"சிவில் உரிமைகள் இயக்கம்" என்றவுடன் எங்கட வயதுக்காரரில் முக்கால்வாசிப் பேருக்கு மார்ட்டின் லூதர் கிங்தான் ஞாபகம் வருவார். அமெரிக்கா, மொன்ற்கொமரி பஸ், ரோசா பார்க்ஸ். நல்லது, தெரிந்திருக்க வேண்டியவர்கள்தான். ஆனால் அதே பெயரில் 1971இல் கொழும்பில் ஒரு அமைப்புத் தொடங்கியது, ஆங்கிலத்தில் சுருக்கி சீ.ஆர்.எம். என்பார்கள், அது எங்கட அம்மா அப்பா பிறந்து வளர்ந்த காலம் முழுக்க இந்த நாட்டுச் சட்டங்களுக்குப் பின்னால் கலைத்துக் கலைத்து எழுதியது என்று சொன்னால், "அப்படியா? தமிழ் ஆக்களா?" என்பதுதான் முதல் கேள்வி.

இல்லை. பெரும்பாலும் தமிழ் ஆக்கள் இல்லை. இந்தக் கட்டுரை எழுத வந்ததே அதனால்தான்.

பழைய அமைப்புகளைக் "கௌரவிக்கிறது" எப்படி என்று கொழும்பில் எல்லாருக்கும் தெரியும். ஏசி மண்டபம், குத்துவிளக்கு, பெரும்பாலும் இங்கிலீசில் நாலு உரை, ஒருவர் "ஹெரிற்றேஜ்" என்பார், இன்னொருவர் "லெகசி" என்பார், பிறகு ரோல்ஸும் ரீயும். வந்தவர்களின் சராசரி வயது எழுபது. அடுத்த நாள் பேப்பரில் ஒரு படம். இப்படி ஒரு கௌரவிப்பு ஒரு அமைப்பைப் பெட்டியில் போட்டு ஆணி அடிக்கிற வேலைதான். வேலை முடிந்த அமைப்புக்குத்தானே விழா எடுப்பார்கள்? சீ.ஆர்.எம். கையில் எடுத்த வேலை முடியவில்லை. முடியாதது மட்டுமில்லை, அந்த வேலைக்கு ஆள் தேவைப்படுகிற இடங்களில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் இருக்கு.

கதையைத் தொடங்குவம்.

1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி. அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தின் கீழ் அதை அடக்கியது. தெற்கில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள், பல்லாயிரம் பேர் தடுப்புக்காவலுக்குப் போனார்கள். கதிர்காமத்தில் பிரேமவதி மனம்பேரிக்கு நடந்ததை எங்கட ஆக்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வருசக் கடைசியில், நாடே பயந்து வாய் மூடியிருந்த நேரம், சில பேர் கூடி சிவில் உரிமைகள் இயக்கத்தைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் எதிரிவீர சரச்சந்திர. ஏ.எல்.லுக்கு நாடகமும் அரங்கியலும் படித்தவர்கள் இப்ப நிமிர்ந்து உட்காருவீர்கள். ஓம், அதே 'மனமே' சரச்சந்திரதான். எங்கட கூத்து மரபோடு தொடர்புபட்ட நாடகமவைக் கிராமம் கிராமமாகத் தேடிப் போன மனுசன். பரீட்சைக்கு 1956, மனமே, மோடியுற்ற நாடகம் என்று பாடமாக்கினோம். அவர் அரசாங்கத்தால் அடைக்கப்பட்டவர்களுக்காகவும் நின்றார் என்று ஒரு பாஸ்ட் பேப்பரிலும் வந்ததில்லை. 1982இல், எழுபதை எட்டப் போகிற வயதில், கொழும்பில் ஒரு கூட்டத்தில் வைத்துக் காடையர்கள் அவரை அடித்தார்கள் என்பதும் வந்ததில்லை.

நீண்டகாலம் செயலாளராக இருந்து அந்த இயக்கத்தை இழுத்துச் சென்றவர் சட்டத்தரணி சூரியா விக்கிரமசிங்க. அவருடைய தகப்பனார் கொம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க. கவனியுங்கோ: 1971இல் அந்தக் கொம்யூனிஸ்ட் கட்சி அரசாங்கத்தின் பங்காளி. ஜே.வி.பி.க்கு அந்தப் பழைய இடதுசாரிக் கட்சிகளைக் கண்ணிலும் காட்டக் கூடாது. அதாவது, தன்னுடைய தகப்பன்ர கட்சி இருந்த அரசாங்கத்துக்கு எதிராக, தகப்பன்ர கட்சியை ஏசிக்கொண்டு திரிந்த பொடியன்களின் உரிமைக்காக ஒரு பெண் வேலை செய்திருக்கிறார். "அவங்கட அரசியல் சரி" என்று சீ.ஆர்.எம். சொல்லவில்லை. "அவங்களைச் சட்டப்படி நடத்து" என்றுதான் சொன்னது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஐம்பது வருசம் கழித்தும் எங்கட வட்ஸ்அப் குறூப்புகளில் விளங்கப்படுத்த ஏலாமல் இருக்கு.

இன்னொரு விசயத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேணும். அந்த ஜே.வி.பி. தமிழருக்கு நண்பன் இல்லை. ரோகண விஜேவீர தன்ர ஆட்களுக்கு எடுத்த ஐந்து வகுப்புகளில் ஒன்று "இந்திய விஸ்தரிப்புவாதம்". தோட்டத்தில் உழைத்த மலையகச் சனத்தை இந்தியாவின் கருவி மாதிரிக் காட்டின வகுப்பு அது. கொட்டாஞ்சேனையில், ஜம்பெட்டா வீதியில், விவேகானந்தா மேட்டில் இருக்கிற எங்களில் எத்தனை பேருடைய அம்மம்மாவும் அப்பப்பாவும் ஹற்றனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்தவர்கள்! அவர்களை இப்படிப் பார்த்த ஒரு கட்சியின் பொடியன்களுக்கு 1971இல் ஒரு சட்டத்தரணி கிடைத்தாரா இல்லையா என்பதில் எங்களுக்கு என்ன வந்தது?

வந்தது. எப்படி வந்தது என்றுதான் பார்க்க வேணும்.

பிடித்து வைத்தவர்களைச் சாதாரணச் சட்டத்தில் விசாரித்தால் குற்றத்தை நிரூபிக்கக் கஷ்டம் என்று அரசாங்கத்துக்குத் தெரியும். அதனால் 1972இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வழமையான நீதிமன்றம் இல்லை, ஆணைக்குழு. வழமையான சாட்சிய விதிகள் இல்லை, தளர்த்தப்பட்ட விதிகள். இலங்கைச் சாட்சியச் சட்டத்தில் பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது. ஏன் செல்லாது என்று சட்டம் படிக்கத் தேவையில்லை, ஒரு பொலிஸ் ஸ்டேசனின் பின்பக்கத்தை நினைத்தால் போதும். 1972ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. சீ.ஆர்.எம். அதை எதிர்த்தது. சிங்களப் பொடியன்களுக்கு எதிரான ஒரு சிங்கள அரசாங்கத்தின் சட்டம். அன்றைக்குத் தமிழர் எத்தனை பேர் அதைத் தங்கட பிரச்சினையாக எடுத்திருப்பார்கள்?

1977இல் ஆட்சி மாறி அந்தச் சட்டம் போனது. இரண்டு வருசத்தில், 1979 ஜூலையில், அதே கதவு இன்னொரு வீட்டில் திறந்தது. 1979ஆம் ஆண்டு 48ஆம் இலக்க, பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒரு அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும். அடித்து வாங்கினதா? அதை நிரூபிக்க வேண்டியது நீ. நீதவான் இல்லை, அமைச்சர் கையெழுத்துப் போட்டால் மூன்று மூன்று மாதமாகப் பதினெட்டு மாதம் வரைக்கும் உள்ளே வைக்கலாம். 2022இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து அதைப் பன்னிரண்டு மாதமாக்கினார்கள், பெரிய மனசு.

"தற்காலிக" என்ற சொல் அந்தத் தலைப்பிலேயே இருக்கு, பாருங்கோ. மூன்று வருசத்துக்கு என்று வந்தது. 1982இல் நிரந்தரமாக்கினார்கள், பெயரை மட்டும் மாற்ற மறந்துபோனார்கள். இந்த நாட்டில் தற்காலிகமாக வந்தது எதுதான் திரும்பிப் போயிருக்கு?

ஆக 1972இல் சிங்கள இளைஞரில் பழகிப் பார்த்த ஆயுதம்தான் 1979இல் தமிழ் இளைஞருக்குத் திருப்பப்பட்டது. நல்லரத்தினம் சிங்கராசா என்ற மட்டக்களப்புப் பக்கத்து இளைஞரின் வழக்கு உலகம் முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கிற வழக்கு. சிங்களத்தில் ரைப் செய்த வாக்குமூலத்தில், தமிழ் மட்டுமே தெரிந்த அவர் பெருவிரல் அடையாளம் வைத்தார். அதை வைத்து 1995இல் 50 வருசச் சிறை. மேன்முறையீட்டில் 35 ஆனது. 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்றது. 2006இல் எங்கட உயர் நீதிமன்றம் அந்தக் குழுவின் கருத்து இங்கே செல்லாது என்றது. இந்த ஒரு வழக்கின் வேர் 1972இல் இருக்கு. அன்றைக்கே அந்த வேரை இழுத்துப் பார்த்தவர்கள் சீ.ஆர்.எம். காரர்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் அது வந்த காலத்திலேயே எதிர்த்தார்கள். 1971இல் யாருக்காக நின்றார்களோ அதே காரணத்துக்காகத்தான் இங்கேயும் நின்றார்கள். தமிழரில் வந்த பாசம் இல்லை அது. பாசம் என்றால் 1983 ஜூலையில் கரைந்திருக்கும்.

1983 பற்றிக் கட்டாயம் சொல்ல வேணும். அப்போது இயக்கத்தின் தலைவராக இருந்தவர் குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. ஜூலைக் கொலைகளுக்குப் பிறகு, "அது ஆத்திரத்தில் நடந்தது" என்று அரசாங்கமே நியாயம் கற்பித்த நேரத்தில், சிங்களவர் வெட்கப்பட வேணும் என்று வெளிப்படையாகச் சொன்ன சிங்களவர்களில் அவர் ஒருவர். அந்த ஒக்டோபரிலேயே இறந்துபோனார். வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25இலும் 27இலும் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள், முதல் நாள் 35 பேர், அடுத்த தடவை 18 பேர். எங்கட பக்கத்தில் அது கவிதையாக, போஸ்டராக, வருசா வருசம் ஒரு ஸ்ரேற்றஸாக இருக்கு. ஆனால் உயிர் தப்பினவர்களின் சொல்லைச் சேர்த்து, செத்தவர்களின் குடும்பங்களுக்காக அரசாங்கத்துக்கு எதிராக நட்டஈட்டு வழக்குகளை வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு திரிந்த சூரியா விக்கிரமசிங்கவின் பெயர் அந்தப் போஸ்டர்களில் இல்லை. போஸ்டர் ஒட்டுவது பிழை என்று சொல்லவில்லை. வழக்குக் கோப்பு ஒட்டுறதுக்கு அழகாக இல்லை, அவ்வளவுதான்.

இனி வெள்ளவத்தைக்கு வருவம்.

2007 ஜூன் 7. அப்போது எங்களில் மூத்தவருக்கு ஐந்து வயது, இளையவர் பால்போத்தலோடு. விடியப்புறம் பொலிஸ் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜுகளுக்குள் வந்து, அங்கே தங்கியிருந்த தமிழரை எழுப்பி, சாமான் கட்டச் சொல்லி, பஸ்ஸில் ஏற்றியது. 376 பேர், அதில் 85 பெண்கள். வெளிநாட்டு விசாவுக்கு நின்றவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள். கொழும்பில் நிற்கத் "தகுந்த காரணம்" இல்லையாம். காலி வீதியால் இப்ப கொத்து வாங்கப் போகிற நேரம் அந்த லொட்ஜுகள் நின்ற ஒழுங்கைகளைத் தாண்டித்தான் போகிறோம். பலது இடிந்து அப்பார்ட்மென்ட் ஆகிவிட்டது.

அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா? தமிழ்க் கட்சிகள் கத்தின, பத்திரிகைகள் எழுதின, எல்லாம் சரி. ஆனால் பஸ்ஸை நிற்பாட்டினது ஒரு காகிதம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உடனேயே உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட்டது. நாட்டுக்குள் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் எந்தப் பிரஜைக்கும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் உரிமை இருக்கு. அடுத்த நாள், ஜூன் 8, நீதிமன்றம் வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்கால உத்தரவு போட்டது. வவுனியாவுக்கு அனுப்பினவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். பிரதமரே வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது.

அந்த மனு சீ.ஆர்.எம். போட்டதில்லை, வேறு அமைப்பு போட்டது. ஆனால் இரவோடு இரவாக ஒரு மனு எழுத வேணும் என்றால், எந்த உறுப்புரை, எந்தத் தீர்ப்பு, எந்தச் சட்டத்தரணி என்று தெரிந்த ஆட்கள் ஊரில் இருக்க வேணும். அப்படி ஒரு பழக்கம் ஒரே நாளில் முளைக்காது. 1971இலிருந்து ஒவ்வொரு அவசரகால விதியையும் எடுத்து வைத்து வரி வரியாக வாசித்து, "இது சட்டத்துக்கு முரண், இந்தக் காரணத்தால்" என்று சலிக்காமல் எழுதின ஒரு கூட்டம் உண்டாக்கின பழக்கம் அது. மரபு என்று எதையாவது சொல்லத்தான் வேணும் என்றால் இந்தச் சலிக்காத வாசிப்பைச் சொல்லலாம்.

இவ்வளவும் எழுதுவது சுகம். இது வரைக்கும் நாங்கள் பாதிக்கப்பட்ட பக்கம், எங்களுக்காக மற்ற ஆக்கள் நின்றார்கள், நன்றி. இனித்தான் கஷ்டம்.

2019 ஏப்ரல் 21. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். கொட்டாஞ்சேனைக்காரருக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை நேர்த்திக்குப் போகிற சைவக்காரரும் இருக்கிற ஊர் இது. நாடு முழுக்க 250க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதில் எங்கட ஒழுங்கைகளில் இருந்து போனவர்களும் உண்டு. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான முஸ்லிம்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அள்ளப்பட்டார்கள். எங்களை அள்ளின அதே சட்டம், அதே பிரிவு, அதே வாக்குமூலம். அப்போது தமிழர் என்ன சொன்னார்கள்? "உள்ள போடட்டும்." "அவங்களுக்கு வேணும்." பி.டி.ஏ. வேண்டாம் என்று ஜெனீவா வரைக்கும் போய்ப் பேசின சனம், கொட்டாஞ்சேனைக்குள் பி.டி.ஏ. வந்தபோது வாயைத் திறக்கவில்லை. சில பேர் கைதட்டினார்கள்.

துக்கத்தில் இருக்கிற சனத்தைக் குற்றம் சொல்ல நாங்கள் வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருவர் சட்டப் பிரிவு பற்றிக் கதைக்க வேணும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. ஆனால் அந்தத் தாயின் பெயரைச் சொல்லிக்கொண்டு பேஸ்புக்கில் பொங்கின, பிள்ளையைப் பறிகொடுக்காத எங்கட கம்பஸ் பொடியன்களையும் பிள்ளைகளையும் கேட்கலாம் தானே?

மன்னார்ப் பக்கத்து அஹ்னாப் ஜஸீமை எடுங்கோ. பாடசாலை ஆசிரியர், இருபத்தைந்து வயது. தமிழில் கவிதை எழுதுகிறவர். 'நவரசம்' என்று 2017இல் ஒரு கவிதைத் தொகுப்புப் போட்டார். 2020 மே மாதம் அவரைக் கைது செய்தார்கள், அந்தத் தொகுப்பு தீவிரவாதத்தைப் பரப்புகிறதாம். 2021 டிசம்பர் வரைக்கும் உள்ளே. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒன்றரை வருசத்துக்கு மேல் அடைப்பதற்கு முதல் அந்தத் தமிழை ஒழுங்காக வாசித்திருந்தால் முடிந்திருக்கும் விசயம். நாங்கள் கலைப்பீடம். எங்களில் பாதிப்பேர் தமிழ் படிக்கிறோம். நவரசம் என்றால் என்ன என்று தொல்காப்பிய மெய்ப்பாட்டோடு ஒப்பிட்டு நாலு பக்கம் கட்டுரை எழுதுவோம். ஒரு தமிழ்க் கவிதைப் புத்தகத்துக்காக ஒரு தமிழ்க் கவிஞர் சிறையில் இருந்தபோது நாட்டின் தமிழ்த் துறைகளிலிருந்து எத்தனை குரல் வந்தது? அவரை ஆதரித்து எழுதின சிங்கள நண்பர்கள் இருந்தார்கள். தமிழ் இலக்கியக் கூட்டங்களில் பாரதியின் கருத்துச் சுதந்திரம் பற்றி உரை நடந்துகொண்டிருந்தது.

அமெரிக்காவில் 1977இல் ஒரு வழக்கு நடந்தது. ஸ்கோக்கி என்ற ஊரில் நாஜிக்கூட்டம் ஒன்று ஊர்வலம் போக அனுமதி கேட்டது. ஹிட்லரின் முகாம்களிலிருந்து தப்பி வந்த யூதர்கள் நிறையப் பேர் இருக்கிற ஊர் அது. அமெரிக்க சிவில் உரிமைகள் ஒன்றியம் அந்த நாஜிகளின் பேச்சுரிமைக்காக வழக்காடியது. வழக்காடிய சட்டத்தரணியே ஒரு யூதர். ஏராளமான உறுப்பினர்கள் கோபித்து விலகினார்கள். அவர்கள் செய்தது முழுக்கச் சரியா என்று எங்கட கூட்டத்தில் இரண்டு மணித்தியாலம் சண்டை பிடித்தோம், முடிவு வரவில்லை. ஆனால் ஒன்றில் எல்லாரும் ஒத்துப்போனோம்: அஹ்னாப் ஜஸீமுக்காகக் கதைக்க அந்த அளவு துணிச்சல்கூடத் தேவைப்பட்டிருக்காது. அவர் ஒரு கவிஞர், அவ்வளவுதான். அதற்கே எங்களுக்கு ஏலவில்லை.

2022 ஓகஸ்டில் சக்கரம் சுற்றித் தொடங்கின இடத்துக்கு வந்தது. அரகலயவுக்குப் பிறகு அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் வசந்த முதலிகேயை அதே சட்டத்தில் பிடித்தார்கள். ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே. 2023 ஜனவரி கடைசியில்தான் நீதவான் அந்தச் சட்டத்தின் கீழ் இருந்த குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தார். அப்போது தமிழ் ரைம்லைன் முழுக்க ஒரே பல்லவி: "இப்ப விளங்குதா?" "நாப்பது வருசம் நாங்க பட்டம், நீங்களும் படுங்கோ." அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும், எங்கட வீடுகளிலிருந்துதான் வருகிறது. ஆனால் "நீயும் படு" என்பது ஒரு அரசியல் இல்லை. அப்படிப் பார்த்தால் 1983இல் சூரியா விக்கிரமசிங்கவும் "இது எங்கட ஆக்களுக்கு இல்லையே" என்று வீட்டில் இருந்திருக்கலாம்.

வசந்தவின் தடுப்புக்காவல் உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க. ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்கவின் சொந்தத் தம்பிமுறையோ தூரத்து உறவோ இல்லை, உடன்பிறந்த சகோதரனின் மகன். எந்தச் சட்டம் வேண்டாம் என்று பெரியப்பா, சித்தப்பா வரிசையில் ஒருவர் தலைமை தாங்கின இயக்கம் சொன்னதோ, அந்தச் சட்டத்தில் பெறாமகன் கையெழுத்து. குடும்ப மரபு என்றால் இவ்வளவுதான். இரத்தத்தால் வருவது மூக்கும் நெற்றியும் மட்டும்.

அதைவிடப் பெரிய பகிடி இப்ப நடக்குது. 1971இல் சீ.ஆர்.எம். யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அந்தக் கட்சி இன்றைக்கு ஆட்சியில். கிளர்ச்சி நடந்தபோது அநுர குமார திசாநாயக்கவுக்கு இரண்டு வயது. 2024 தேர்தலுக்குத் தேசிய மக்கள் சக்தி வெளியிட்ட விஞ்ஞாபனத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை ஒழிப்போம் என்று இருக்கு. எங்களில் சில பேர் அதை வாசித்துவிட்டுத்தான் முதல் வாக்கைப் போட்டோம். 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினதற்காக 22 வயதான முஸ்லிம் இளைஞர் ஒருவரைக் கொழும்பில் இதே சட்டத்தில் பிடித்தார்கள். ஸ்டிக்கர்! சில கிழமையில் நிபந்தனைகளோடு விட்டார்கள். தடுப்புக்காவல் உத்தரவில் இந்த முறை கையெழுத்துப் போட்டவர் ஜனாதிபதி அநுர.

ஜே.வி.பி. தோழர்கள் ஒவ்வொரு ஏப்ரலிலும் தங்கட மாவீரர்களை நினைவுகூருகிறார்கள். நினைவுகூரட்டும், உரிமை. ஆனால் விஜேவீரவுக்கும் தோழர்களுக்கும் பொலிஸ் வாக்குமூலத்தை வைத்துத் தண்டனை கொடுத்த முறையை அநியாயம் என்று சொல்லுகிற ஒரு கட்சி, அதே முறையை 48ஆம் இலக்கச் சட்டத்தில் ஒரு நாளாவது வைத்திருக்க என்ன நியாயம் சொல்லும்? புதுச் சட்டம் வரைகிறோம், குழு போட்டிருக்கிறோம் என்பது பதில் இல்லை. எல்லா அரசாங்கமும் குழு போட்டது. ரத்துச் செய்வதற்கு வரைவு தேவையில்லை, ஒரு வரி போதும்.

எங்கட பக்கத்திலிருந்து வருகிற ஒரு மறுப்புக்கும் பதில் சொல்ல வேணும். "உது கொழும்பு இங்கிலீஸ்காரரின்ர கிளப். அறிக்கை விட்டு என்னத்தைக் கிழிச்சவை? வெலிக்கடையைத் தடுத்தவையா? முள்ளிவாய்க்காலைத் தடுத்தவையா?" தடுக்கவில்லை. படித்த, வசதியான, பெரும்பாலும் ஆங்கிலத்தில் யோசிக்கிற ஆக்கள்தான், அதுவும் உண்மை. கொட்டாஞ்சேனைத் தோட்டத்து வீட்டுப் பிள்ளை ஒருவருக்கு அந்த அறிக்கைகள் எட்டவே இல்லை என்பது சின்னக் குறை இல்லை. ஆனால் "அவை எலீற்" என்று சொல்லிவிட்டு நாங்கள் என்ன செய்தோம்? இங்கிலீஸ்காரர் செய்ததைத் தமிழில் செய்தோமா?

செய்தவர்கள் இருந்தார்கள். எங்கட ஆக்கள்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் மனித உரிமைகளுக்கான அமைப்பொன்றைத் தொடங்கி, இந்திய இராணுவம், இலங்கை இராணுவம், எங்கட இயக்கங்கள் என்று எல்லாரையும் ஒரே தராசில் வைத்து எழுதினார்கள். 'முறிந்த பனை' அங்கேயிருந்து வந்தது. அதை எழுதினவர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது சுடப்பட்டார். சிங்கள ஆயர் சிங்களவரைக் கண்டித்தால் "மனுசன்" என்கிறோம். தமிழ்ப் பெண் தமிழரைக் கண்டித்தால் இன்றைக்கும் குரல் தணித்துத்தான் கதைக்கிறோம், அதுவும் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசையைப் பார்த்துவிட்டு. சரச்சந்திரவையும் ஆயரையும் கொண்டாடுகிற வாய்க்கு ராஜினியின் பெயரும் வர வேணும். வராவிட்டால் நாங்கள் கொண்டாடுவது அவர்களின் கொள்கையை இல்லை, அவர்கள் எங்களுக்குச் சாதகமாக இருந்ததை.

2006இல் கொழும்பில் வெள்ளை வான் கடத்தல்கள் தொடங்கினபோது அமைத்த மக்கள் கண்காணிப்புக் குழுவையும் மறக்கக் கூடாது. மனோ கணேசன், சிறிதுங்க ஜயசூரிய, நடராஜா ரவிராஜ். ஒருவர் கொழும்புத் தமிழர், ஒருவர் சிங்கள இடதுசாரி, ஒருவர் யாழ்ப்பாண எம்.பி. காணாமல் போனவர்களின் விபரத்தைப் பதிந்தார்கள், அதுதான் வேலை. நவம்பர் 10 அன்று ரவிராஜை நாரஹேன்பிட்டியில் பட்டப்பகலில் சுட்டார்கள். பெயர் பதிகிற வேலைக்கு இந்த நாட்டில் இருந்த விலை அது.

இன்றைக்கு எங்களுக்கு அந்த விலை இல்லை. குறைந்தது இப்போதைக்கு இல்லை. அதனால் விழா, நினைவுப் பேருரை, பட்ஜ் குத்துறது எல்லாம் எங்களுக்கு வேண்டாம். அடுத்த மாதத்திலிருந்து இரண்டாம் ஞாயிறு தோறும் கூடப் போகிறோம், ஒரு மாதம் வெள்ளவத்தை, ஒரு மாதம் கொட்டாஞ்சேனை. 1979ஆம் ஆண்டு 48ஆம் இலக்கச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியைப் பிரிவு பிரிவாக வாசித்து, ஒவ்வொன்றையும் எங்கட அம்மம்மாவுக்கும் விளங்குகிற தமிழில் எழுதி இங்கேயே போடுவோம். பிறகு, அதற்குப் பதிலாக எந்த வரைவு வருகிறதோ அதையும் அதே மாதிரி. இப்போது அந்தச் சட்டத்தில் உள்ளே இருப்பவர்கள் யார், எவ்வளவு காலமாக என்று பத்திரிகைகளிலிருந்தும் நீதிமன்றச் செய்திகளிலிருந்தும் எடுத்து ஒரு பட்டியல் வைப்போம். தமிழ்ப் பெயர், முஸ்லிம் பெயர், சிங்களப் பெயர் எல்லாம் ஒரே பட்டியலில், அகரவரிசையில். அவருடைய கருத்து எங்களுக்குப் பிடிக்குதா என்று ஒரு நிரல் அதில் இருக்காது. சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் அவசரமாகத் தேவை.

முதல் கூட்டத்துக்கு 9ஆம் பிரிவு, தடுப்புக்காவல் உத்தரவு. வாசித்துக்கொண்டு வாருங்கோ. ரோல்ஸ் இல்லை, பிளேன்ரீ மட்டும்.